ஏழு, இடமிருந்து வலம்

மல்லாகம் நீதிமன்ற விறாந்தையில்
ஒரேயொரு வாங்குதான் காலி.
அதன் அந்த முனையில் வழக்காளி, பரிமளகாந்தி.
இந்த முனையில் எதிராளி, நான்.
நடுவில் அவர் கொண்டுவந்த ஞாயிறு பேப்பர்.

ஒன்றரை அடி நிலம்.
நாலு வருசம்.
கிளுவைக் கதியாலைப் பிடுங்கி நட்டது யாரென்று
இரண்டு சத்தியக்கடதாசி, ஒரு நில அளவையாளர்,
ஒரு பலாமரம்:
வேர் அவர் பக்கம், காய் என் பக்கம்.

அவர் பென்சிலால் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தார்.
நான் பார்க்காத மாதிரிப் பார்த்தேன்.
"அம்மா லைட்டைப் போட முன்னமே
உள்ளே வந்துவிட்ட பொழுது. இரண்டெழுத்து."
"எந்த அம்மா?" என்றேன், வாய் தவறி.
சட்டத்தரணி இல்லாமல் நான் அவரிடம் பேசியது
நாலு வருசத்தில் அவ்வளவுதான்.

"உள்ளே எண்டால் உள்ளுக்க தேடவேணும்.
அம்மான்ர வாலையும் லைட்டின்ர தலையையும்
இடைவெளியை மறந்து வாசியுங்கோ."
மா. லை.
வெளியே பதினொரு மணி வெயில்
சைக்கிள் சீற்றுகளைச் சுட்டுக்கொண்டிருந்தது.
கட்டத்துக்குள் மாலையாகிவிட்டது.

பிறகு ஏழு.
"பாதி வேலை, பாதி வலி;
இரண்டு வீட்டுக்கும் நடுவில். இரண்டெழுத்து."
"ஆறு" என்றேன்.
"யாழ்ப்பாணத்தில ஆறு எங்க கிடக்கு?"
"வழுக்கையாறு."
"அது மாரிக்கு மட்டும்.
சரி, ஆறெண்டே வைப்பம். வேலை எங்க? வலி எங்க?
குறிப்பில ஒரு சொல்லும் மிஞ்சக்கூடாது.
மிஞ்சினா விடை பிழை."

எங்கள் உறுதியை நினைத்துக்கொண்டேன்.
கிழக்கெல்லை ஒழுங்கை, மேற்கெல்லை வள்ளிப்பிள்ளை பங்கு,
இதனுள் அடங்கிய பயன்மரங்கள், கிணற்றில் பங்கும்
வழிவாய்க்கால் பாத்தியதையும் யாவும் உட்பட.
எத்தனை சொல் மிஞ்சிக் கிடக்கிறது அதில்.
பிழையென்று ஒருவரும் சொல்லவில்லையே.

வேலையை வெட்டினேன்: வே.
வலியை வெட்டினேன்: வ.
"வேவ?"
அவர் சிரித்தார். சாட்சிக்கூண்டில் ஒருநாளும் காணாத பல்.
"வலியில பின்பாதி."

வேலி.

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
ஒரு பொலிஸ்காரர் கடந்து போனார்.
பரிமளகாந்தி பென்சிலை என் பக்கம் நீட்டினார்.
"நீங்களே போடுங்கோ. போட்டுப் பழக்கம்தானே."

அதே லியில் வந்து முடிகிறது மேலிருந்து கீழ் மூன்று:
"பலாவோடு வலி முடிந்தால் விமானம் ஏறலாம்."
இதற்கு எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.
பலா என்ற சொல்லை இருவரும் சத்தமாக வாசிக்கவுமில்லை.
பலாலி என்று அழுத்தி எழுதியதில்
பென்சில் முனை முறிந்தது.

"சிவபாதம் பரிமளகாந்தி! கந்தப்பு விமலேந்திரன்!"

உள்ளே மூன்று நிமிடம்.
அளவையாளருக்குக் காய்ச்சலாம்.
இன்றைக்கு விளக்கம் என்றுதான் அழைத்திருந்தார்கள்.
விளக்கம் வாங்கில் நடந்து முடிந்திருந்தது.

படியிறங்கும்போது அவர் பேப்பரை மறுபடி மடித்தார்.
"இதொண்டுதான் காலமையிலயிருந்து பிடிபடேல்லை.
முடிவில்லாத தவம், துணையின் கடைசி;
திரும்பவும் வரச் சொல்லும். மூன்றெழுத்து."
பின்னால் வந்த என் சட்டத்தரணி
டயறியைப் பார்த்தபடி, "அடுத்த தவணை பதினாலாம் திகதி" என்றார்.

இருவரும் நின்றோம்.
அவர் விரலில் எண்ணினார்:
தவத்தில் ம் போக தவ.
துணையில் ணை.
ஒரு சொல்லும் மிஞ்சவில்லை.

பென்சில் முறிந்திருந்ததால் என் பேனையைக் கொடுத்தேன்.
"பேனையால எழுதினா அழிக்கேலாது" என்றார்,
எழுதினார்.

ஒரே ஒழுங்கைக்குத்தான் இருவரும் போகவேண்டும்.
அவர் பஸ்ஸில் போனார், நான் சைக்கிளில்.
பேப்பர் அவரிடம், பேனையும் அவரிடம்.
பதின்மூன்று, மேலிருந்து கீழ், இன்னும் காலி.
மிச்சத்தைப் பதினாலாம் திகதி பாப்பம் என்று
யார் முதலில் சொன்னதென
சத்தியக்கடதாசியில் கேட்டால்
எனக்கு ஞாபகமில்லை.