எடைப்பாலம்

செம்பனைக் குலை ஏற்றிய லோரியை
ஆலைக்குள் போகும்போது ஒருமுறை நிறுப்பேன்,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது இன்னொருமுறை.
இரண்டு எண்ணும் ஒரே லோரிக்குத்தான்.
பதினாறு வருஷமாய் இதுதான் என் வேலை.
ஆனாலும் என் கழுத்து விஷயத்தில்
இது விளங்க மூன்று வருஷம் ஆயிற்று.

முதல் டாக்டர் சொன்னார்:
"தைராய்டு கூடிப்போச்சு."
அந்த மாதம் சீட்டில் நான் எழுதிய ஏழெல்லாம்
நடுங்கி ஒன்றாகிவிடும்.
நெஞ்சுக்குள் மேடேறும் மோட்டார் சைக்கிள்.
மூன்று பேர் சோறு தின்றேன்,
பாவாடை நாடாவை தினம் ஒரு விரல்
இழுத்துக் கட்டினேன்.
"மெலிஞ்சிட்டீங்களே, என்ன சாப்பிடுறீங்க?"
பக்கத்து வீட்டு பாக்கியவதிக்குப் பொறாமை.

மாத்திரை தந்தார்.
ஆறு வாரத்தில் ரத்தம் எடுக்க வரச் சொன்னார்.
ஆறாம் வாரம் ஆறு சாலைக்கு வந்துவிட்டது.
ஏழாம் வாரம் குலை உச்சம், லீவு கிடையாது.
எட்டாம் வாரம் போனேன்.
அவர் சபாவுக்கு மாற்றலாகிப் போயிருந்தார்.
கவுண்டரில் இருந்த பிள்ளை
அதே மாத்திரையை அதே கணக்கில் நிரப்பித் தந்தது.
நானும் கேட்கவில்லை.

பிறகு வந்தது குளிர்.
ஏப்ரல் வெயிலில் நான் ஸ்வெட்டர் போட்டு
ஏர்கோனை அடைத்துவிட்டு உட்கார்ந்திருக்க,
வேர்வை சொட்ட ஜன்னலில் குனிந்த டிரைவர் ரோஸ்லி
"ஏர்கோன் ரோசாக்கா?" என்றார்.
"ரோசாக் நான்தான்" என்றேன். அவர் சிரித்தார்.
சீப்பு நிறைய முடி. குரல் கட்டை.
ஒருநாள் வாசலில் நின்று கூப்பிட வாய் திறந்தேன்,
என் மகளின் பெயர் வரவில்லை.

டவுன் கிளினிக், அறுபது ரிங்கிட்:
"நாற்பத்து மூணு வயசாச்சுல்ல."
தூங்குவதற்கு ஒரு மாத்திரை.
மூன்றாம் டாக்டர்தான் ரத்தம் எடுத்தார்:
"தைராய்டு குறைஞ்சுபோச்சு.
பழசை நிறுத்துங்க, இதைப் போடுங்க."

பஸ்ஸில் கதிரேசன் விடவில்லை:
"கூடியிருக்குன்னான், குறைஞ்சிருக்குன்னான்,
எவனோ ஒருத்தன் பொய் சொல்றான்."
அந்த வாரம் பழையதையும் போடவில்லை,
புதியதையும் போடவில்லை.
ஒரே லோரிக்கு இரண்டு சீட்டு எழுதி
மண்டோரிடம் ஏச்சு வாங்கினேன்.

அன்று இரவு பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தேன்.
மாசக் கடைசியில் ஆபீஸில் செய்வதுபோல
தேதி வாரியாய் அடுக்கினேன்.
மார்ச்சில் ஒன்று. அடுத்த வருஷம் ஜூனில் ஒன்று.
நடுவில் பதினைந்து மாதம், ஒரு சீட்டும் இல்லை.
உள்ளே போன எடை இருக்கிறது,
வெளியே வந்த எடை இருக்கிறது,
எங்கே கொட்டியது என்று
ஒருவரும் பார்த்திருக்கவில்லை, நானும் சேர்த்து.

ஈப்போவில் டாக்டர் சியூ
தண்ணீரை விழுங்கச் சொல்லி கழுத்தைப் பார்த்தார்.
காகிதங்களை வரிசை கலைக்காமல் படித்தார்.
"ரெண்டு பேரும் பொய் சொல்லல.
உங்க உடம்பே அந்தச் சுரப்பியத் தாக்குது.
முதல்ல உள்ள இருந்ததெல்லாம் கசிஞ்சு கூடிச்சு.
இப்ப கையிருப்பு இல்ல."
அந்த முதல் மாத்திரை?
பேனா மூடியைக் கொஞ்ச நேரம் திருகினார்.
"ஒருவேளை தேவைப்பட்டிருக்காது."

யாரோடு சண்டை போட?
சபாவோடா, மழையோடா?
பஸ் நிலையத்தில் ஒரு கரிபாப் வாங்கி
தின்னாமலே வீடுவரை கொண்டுவந்தேன்.

இப்போது "நார்மல்" என்று யாராவது சொன்னால்
எண்ணைக் கேட்கிறேன்.
எண் சொன்னால் காகிதத்தைக் கேட்கிறேன்.
அடுத்த தேதி எழுதாமல்
நாற்காலியை விட்டு எழுவதில்லை.
விடியற்காலை ஐந்தேகாலுக்கு
வெறும் வயிற்றில் ஒரு வெள்ளை மாத்திரை,
வெறும் தண்ணீர்.
தேத்தண்ணி அரைமணி நேரம் கழித்துத்தான்.
கதிரேசன் இன்னும் நம்பவில்லை,
ஆனால் அலாரம் அடிப்பது அவர் போனில்.

எடைப்பாலக் குடிசையின் காலண்டரில்
தைப்பூசத்துக்குக் கீழே சிவப்பில்
ஒரு வட்டம் போட்டிருக்கிறேன்.
லீவுக்கு இப்போதே சொல்லிவிட்டேன்.
அன்றைக்கு ஆறு ஏறினால்
ரோஸ்லியின் லோரியில் போவேன்.
காலி லோரிதான்.
அதன் எடை எனக்குத் தெரியும்.