ஈரத்துக்குக் கழித்தது

மடுவத்துத் தராசில்
என் கொழுந்து பதினெட்டு நின்றால்
கணக்கில் பதினாறு விழும்.
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று.
அந்தப் பதினெட்டையும் முதுகில் ஏற்றி
ஆறாம் நம்பர் மலை இறங்கியவள் நான்.
இரண்டு கிலோ அறுநூறு கிராமை
மடியிலிருந்து தோளுக்கு மாற்ற
கை வரவில்லை.

டிக்கோயா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து
பதினோரு நாள்.
தகரத்தில் மழை விடவே இல்லை.
அவன் அழுவது கேட்டது,
அடுத்த காம்பராவில்
யாருடைய பிள்ளையோ அழுவதுபோல.
பால் மட்டும் நேரத்துக்குச் சுரந்தது.
சட்டை நனைந்த பிறகுதான்
எனக்கு அது தெரியும்.

“ஆம்பளப் புள்ள, இன்னும் என்ன கொற?” என்றார்கள்.
“காத்து பட்டிருக்கும்” என்றார்கள்.
மாமி கறுப்புக் கயிறு கட்டினார். கயிறும் கனத்தது.
கொழும்புக் கடையில் ஐந்து நாள் லீவு வாங்கி வந்த யோகேஸ்
“சோம்பல்” என்று ஒரே ஒரு சொல் சொன்னான்.
அன்றிரவு பிள்ளையோடு
அதையும் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தேன்.

பெரட்டுச் சங்கு ஊதாத ஒரு விடியலில்
கதவைத் திறந்து நின்றேன்.
எங்கே போக என்று ஒன்றுமில்லை.
போக மட்டும்.
சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த கொழுந்தன் சஞ்சீவன்
புத்தகத்திலிருந்து தலை நிமிர்ந்தான்.
“அண்ணி, செருப்புப் போடல்ல” என்றான்.
பிறகு எழும்பி வந்து
என் செருப்பைத் தேடுகிற சாக்கில்
வாசலை மறித்துக்கொண்டு
வெகு நேரம் தேடினான்.

அவன்தான் குமுதினி மிஸ்ஸியிடம் போனவன்.
பாதித் தமிழில் பத்துக் கேள்வி.
ஒன்பதைத் தாளிலிருந்து வாசித்தார்.
பத்தாவதுக்குப் பேனையை மூடி வைத்துவிட்டு
என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.
“ஆமா” என்றேன்.
வாசலில் நின்ற யோகேஸ்
அப்படியே படியில் குந்திவிட்டான்.
“ஒங்கட குத்தம் இல்ல இது. வருத்தம். மருந்து இருக்கு.”
வருத்தம்.
நம் பக்கம் நோய்க்கும் அந்தச் சொல்தான்,
மனசு நோகிறதுக்கும் அந்தச் சொல்தான்.
அன்றைக்குத்தான் அது
அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் எனக்குப் பொருந்தியது.

புதன்கிழமை கிளினிக். அரை மாத்திரை, பிறகு ஒன்று.
கயிறும் இருக்கட்டும் என்றார் மாமி;
மாத்திரையை அவரே எண்ணிக் கொடுத்தார்.
இரவில் இரண்டு மணிக்குப் பிள்ளை அவருடையது,
எனக்குத் தூக்கம் மட்டும்.
யோகேஸ் கடைக்குத் திரும்பவில்லை.
சங்கிலி ஹட்டனில் அடகுக்குப் போனது.
பீலியடியில் ஆம்பளை ஒருத்தன்
பிள்ளைத் துணி கசக்குகிறான் என்று
பெண்கள் சிரித்த சத்தம் லயம் வரைக்கும் வந்தது.
சிரித்தவர்களில் ஒருத்தி, மேட்டு லயத்துப் பாக்கியம் அக்கா,
மறுநாள் தனியே வந்து
கதவோரமாய் நின்றாள்.
“எனக்கும் இருந்திச்சு. மூணாவது புள்ளைக்கி.
பேரு இருக்குன்னு தெரியாது” என்றாள்.
பிளேன்டீ ஆறிப்போகும் வரை இருந்துவிட்டுப் போனாள்.

ஒரு நாளில் சரியாகவில்லை.
நல்ல வாரத்துக்குப் பின்னால்
பழைய பனி திரும்பவும் உள்ளே வந்து உட்காரும்.
கிழங்கு அவிந்துகொண்டிருந்த ஒரு பகல்
அவன் தும்மினான். நான் சிரித்தேன்.
எல்லோரும் ஒன்றாய்த் திரும்பிப் பார்த்ததில்
வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டேன்.

நேற்றுக் கிளினிக் தராசில்
ஆறு கிலோ இருநூறு.
மிஸ்ஸி அட்டையில் புள்ளி வைத்தார்.
துணி நனைந்திருந்தது.
“ஈரத்துக்குக் கழிக்கலியா?” என்றேன்.
அவருக்கு விளங்கவில்லை.
யோகேஸுக்கு விளங்கியது; முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பாதி ஏற்றம் அவன் தூக்கினான்.
மீதிக்கு நான்
கேட்டு வாங்கினேன்.
கனத்தான்.