குறுக்கே நின்றது

பெர்கனில் மழை விட்டபாடில்லை.
சாலை விளிம்பில் "போ" என்றேன்.
தூவா நகரவில்லை.
"போ!" இம்முறை
நாற்பது பேரை விரட்டும் அலுவலகக் குரலில்.
என் முழங்காலுக்குக் குறுக்கே
ஈரக் கம்பளியாய் நின்றுவிட்டது.

கைப்பிடியைச் சுண்டி இழுத்தேன்.
சொல்ல வெட்கமாயிருக்கிறது.

பிறகுதான் முகத்தில் அந்தக் காற்று:
ஓசையே இல்லாத மின்பேருந்து,
மூக்கை உரசாத குறையாக.

மறுக்கவும் பழக்கித்தான்
கொடுத்திருந்தார்கள் இந்த நாயை.
அது உடம்பை உதறியது.
என் கோட்டெல்லாம் நாய்த்தண்ணீர்.

கப்பல் பட்டறைக்குப் போனதும்
ஹால்வாரைக் கூப்பிட்டேன்.
நேற்றைய கூட்டத்தில்
"இந்தப் பற்றவைப்பு தாங்காது" என்று தொடங்கியவன்.
பாதியில் நான் வாயடைத்தவன்.

"மிச்சத்தைச் சொல்."

நாற்காலி கிறீச்சிட்டது. பேச்சில்லை.
அது நான் பழக்கியது.

மேசைக்கடியில்
தூவா கொட்டாவி விட்டது.
நான் காத்திருந்தேன்.