ஏழாம் நாள் மஞ்சள்

துறைத்தலைவர் நாற்பது பவுண்டு ஒதுக்கினார்.
சிலிக்கோன் உடல் ஒன்று வாங்க
இன்னும் இரண்டு சைபர் வேண்டும் என்றேன்.
"சமைத்துப் பாருங்களேன்" என்றார்,
வேடிக்கையாகத்தான்.
நான் சமைத்தேன்.

டண்டீயில், ஹில்டவுன் ஏற்றத்தில்,
இறைச்சிக்கடை மெக்கீ
பன்றித்தோலைச் சும்மாவே கொடுத்தார்,
எதற்கென்று கேட்டுவிட்டு,
கேட்டிருக்க வேண்டாமே என்ற முகத்தோடு.
அது கத்திக்குத்துக்கு.
ஒரு நுனி கூர், மறு நுனி மொண்ணை:
கத்தியின் முதுகு எந்தப் பக்கம் என்று
மாணவர்கள் அளவுகோல் வைத்துப் பார்க்கலாம்.

கன்றிய காயத்துக்கு ஜெலட்டின், கிளிசரின்.
முதல் நாளுக்கு பீட்ரூட் சாறு.
மூன்றாம் நாளுக்கு
விலை குறைத்து விற்ற கருந்திராட்சை ஜாம்.
ஏழாம் நாளுக்கு என் சமையலறை மஞ்சள்தூள்.
எங்கள் பக்கத்தில் புண்ணுக்குப் பூசுவது;
இங்கே புண்ணையே அதில் செய்தேன்.

எட்டுக் கைகள், முழங்கை வரை.
செலவு முப்பத்தொரு பவுண்டு.
நிறத்தை வைத்து நாளைச் சொல்லாதீர்கள்,
நிறம் பொய்ச்சாட்சி சொல்லும்:
அன்றைய பாடமே அதுதான்.
டே ஆற்றுப் பக்க ஜன்னல்களில் மழை.
அறை முழுக்க ஜாம் வாசம்.
பசிக்கிறது என்றான் ஒருவன், சிரித்தார்கள்.

நான்காம் கையில் பிடித்த தடம்.
நான்கு விரல், எதிரே ஒரு கட்டைவிரல்.
ரோனா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"மஞ்சள் நடுவில் வராது.
ஓரத்தில்தான் தொடங்கும்.
நடு கடைசிவரை ஊதா."
எந்தப் புத்தகம் என்றேன்,
குறித்துக்கொள்ளப் பேனாவைத் திறந்தபடி.
"புத்தகத்தில் இல்லை."

பேனாவை மூட
இவ்வளவு நேரம் எனக்கு ஆனதில்லை.

எல்லோரும் போன பிறகு
என் விரல்களை அந்தத் தடத்தில் வைத்துப் பார்த்தேன்.
பொருந்தின.
அச்சு எடுத்தது என் கையில்தானே.

வியாழக்கிழமை அவளே வந்தாள்,
கலக்க ஆள் வேண்டுமா என்று.
அடுப்புச் சூட்டில் ஜன்னல் வேர்த்தது.
முழுக்கைச் சட்டையை அவள் மடித்துவிடவில்லை.
கதவுக்குப் பின்னால்
யார் கண்ணிலும் படாமல் கிடந்த
உதவி எண் தாளைப் பெயர்த்து
தராசுக்கு மேலே ஒட்டினேன்,
அங்கே சுவர் ஒழுகுகிறது என்று பொய் சொல்லி.
ஒழுகவில்லை என்பது அவளுக்கும் தெரியும்.
வாசித்தாளா, தெரியாது.
கரண்டியை நிறுத்தாமல் கேட்டாள்:
"மஞ்சள் எவ்வளவு?"
"நீயே போடு."

ஓரத்தில் மட்டும்,
விரல்நுனியால்,
தூவினாள்.