பதினொன்றாம் எண்

நாற்பத்திரண்டு புட்டிகளுக்கு
ஈயத்தாள் சட்டை மாட்டியவள் நான்.
கழுத்துவரை சுற்றி, ரப்பர் வளையம் போட்டு
கறுப்பு மையில் எண் எழுதினேன்.
முகம் தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும் என்பது
ஆரோ நகரின் இந்தப் போட்டியில்
எழுதிவைத்த விதி.

இன்னும் இரண்டு விதிகள் உண்டு.
விலை ஆறு யூரோவைத் தாண்டக் கூடாது.
ஓக் மரத்துக்குள் ஒரு வருடமாவது
உறங்கி எழுந்திருக்க வேண்டும்.

பிப்ரவரி. பந்துக் கூடத்தில் கணப்பு வேலை செய்யவில்லை.
எப்ரோ ஆற்றிலிருந்து வந்த பனி
கதவிடுக்கில் நின்று எட்டிப் பார்த்தது.
நடுவர்கள் நால்வரும்
கோப்பையை இரு உள்ளங்கையிலும் பொத்திக்கொண்டு
ஒயின் விழிக்கட்டும் என்று காத்திருந்தார்கள்,
காய்ச்சல்காரக் குருவியைப் பிடித்திருப்பது போல.

பதினொன்று வந்தது.

செர்வாண்டோ வெள்ளைத்தாளின் மேல் சாய்த்துப் பார்த்தார்:
"ஓரத்தில் செங்கல் நிறம்.
வயதைக் கூட்டிச் சொல்கிற பையன்."
எலாடியோ மூக்கை முழுதாக உள்ளே விட்டார்:
"வெனிலா, தேங்காய், மறுபடி வெனிலா.
பழம் எங்கே? மிட்டாய்க் கடையா இது?"
மைடே வாயில் உருட்டி, காற்றை இழுத்து, துப்பினாள்:
"பீப்பாயைக் கண்ணால் கண்டதில்லை இது.
தொட்டியில் பலகையை ஊறப்போட்டிருக்கிறார்கள்,
தேயிலைப் பை மாதிரி."

நான்காவது காஸ்டோ.
பொதுமக்கள் சார்பில் சீட்டுக் குலுக்கி வந்தவர்,
பன்றித் தீவன லாரி ஓட்டுகிறவர்.
படிவத்தில் முப்பது கட்டங்கள்:
தோல், புகையிலை, சீவிய பென்சில்,
மழைக்குப் பின் காட்டுத் தரை.
எதிலும் அவர் குறி போடவில்லை.
அடியில், கோணல் எழுத்தில்,
'குடிக்கலாம்' என்று எழுதினார்.
துப்பவும் மறந்துபோனார்.

எண்பத்து மூன்று.
வெண்கலத்துக்கு இரண்டு குறைவு.

இடைவேளையில் நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன்.
எலாடியோ வந்தார். "பதினொன்றை
இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும்."
சரிபார்த்தார்.
மைடே வந்தாள். தக்கையில் பூஞ்சை வாடையோ என்று சந்தேகமாம்.
அரைக் கோப்பை அளவுக்குச் சந்தேகம்.
செர்வாண்டோ காரணமே சொல்லவில்லை.
நின்றார், ஊற்றினார்,
சுவரில் பந்து பட்ட தழும்புகளைப் பார்த்தபடி
மெல்லக் குடித்தார், போனார்.

மாலையில் ஈயத்தாளை உரித்தேன்.
தங்கம் வாங்கிய இருபத்தொன்பதாம் எண்
தோள்வரை அப்படியே இருந்தது.
அதை வீட்டுக்கு எடுத்துப் போனால்
ஞாயிற்றுக்கிழமை மாட்டிறைச்சியை வேகவைக்கலாம்.
பதினொன்றில் மிச்சம் ஒரு விரற்கடை,
வண்டலோடு.

ருமேனியாவில் என் அப்பா
முற்றத்துக் கொடியில் பிழிந்ததைத்தான் ஒயின் என்பார்.
மரம் என்றால் அவருக்கு விறகு.
இங்கே பன்னிரண்டு வருடம் கழுவியும்
எனக்கு யாரும் நாக்கு இருக்கிறதா என்று கேட்டதில்லை.
சாய்த்து ஊற்றிக்கொண்டேன்.

முதலில் பிளம் பழம், கொஞ்சம் கன்றியது.
பிறகு பலகை. ஆமாம், பலகைதான்,
மைடே சொன்னது பொய்யில்லை.
புதுக் கட்டிலை வீட்டுக்குள் கொண்டுவந்த அன்று
அறை முழுக்க இருக்குமே, அந்த மணம்.
கடைசியில் துவர்ப்பு
நாக்கின் இரு ஓரத்தையும் பிடித்தது,
பழைய கடன்காரன் சட்டையைப் பிடிப்பது போல,
முகத்தைப் பார்த்தது,
போகட்டும் என்று விட்டது.

எத்தனை மதிப்பெண் என்று எனக்குத் தெரியாது.
கோப்பையைக் கழுவாமல்
சற்று நேரம் வைத்திருந்தேன்.

வெளியே பேருந்து நிறுத்தத்தில் காஸ்டோ,
கைகளைக் கக்கத்தில் செருகியபடி:
"வியோரிகா, அந்தப் பதினொன்று எந்தக் கடையில் கிடைக்கும்?"
பெயரை வியாழக்கிழமை வரை சொல்லக் கூடாது.
விலையைப் பற்றி விதியில் ஒன்றும் எழுதவில்லை.
"நாலு யூரோ முப்பத்தைந்து" என்றேன்.

எதிர்ப்புறம் நின்றிருந்த எலாடியோவின் காரில்
கண்ணாடி
மெல்லக் கீழிறங்கியது.