ரேகை விழவில்லை

வலங்கைமான் பக்கம் ஒரு ரேஷன் கடை.
மூன்றாம் முறையாக வைக்கிறேன் கட்டைவிரலை.
"வேற விரல் வைங்க" என்கிறார் பூவராகன்.
வைக்கிறேன்.
"துடைச்சிட்டு வைங்க."
துடைத்தால் உதிர்கிறது.
மெஷினின் சிவப்பு வெளிச்சத்தின் மேல்
உமி போல ஒரு செதில்.

பின்னால் நிற்பவள்
தன் காலிப் பையை
இடுப்பின் இந்தப் பக்கத்திலிருந்து
அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொள்கிறாள்.
அவ்வளவுதான் செய்தாள்.

முதலில் முழங்கையில், ஒரு ரூபாய் அளவு.
பிறகு தலை. பொடுகு என்றேன், எல்லோரும் நம்பினார்கள்,
நானும்.
பிறகு முதுகில், என் கண் எட்டாத இடத்தில்,
தேசப்படம் போல இருக்கிறது என்றான் கணவன்.
எந்த தேசம் என்று கேட்டேன்.
சொல்லத் தெரியாமல் சட்டையை மாட்டிக்கொண்டு
பால் வாங்கப் போனான்.

வைத்தியம் வாசலுக்கு வாசல் கிடைத்தது.
கத்தரிக்காய் தின்னாதே, கருவாடு தொடாதே,
புற்றுக்கு முட்டை வை.
பூண்டை அரைத்துப் பற்றுப் போடச் சொன்னாள்
மாவு மில் கமலவேணி.
போட்டேன்.
படை போகவில்லை. தோல் போயிற்று.

தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரி, தோல் பிரிவு.
டாக்டர் மெஹருன்னிசா
கையுறை இல்லாமல் என் முழங்கையைத் தொட்டார்.
"தொத்தாது" என்று வாயால் சொன்னது
அதற்கப்புறம்தான்.
"ஒரு மாசம் எடுத்து முதிர வேண்டிய தோல்
உங்களுக்கு நாலு நாளில் முதிருது.
உடம்பு தன்னையே எதிரின்னு நினைச்சு
அவசரப்படுது.
சொரியாசிஸ். அடியோட போகாது. அடங்கும்."

பஸ் அய்யம்பேட்டை தாண்டும்போது
அது எனக்கு என் பாஷையில் புரிந்தது:
ஊரெல்லாம் சம்பாவுக்குக் காத்திருக்க
என் மேல் மட்டும்
நாலு நாளுக்கொரு குறுவை.
விதைத்து, பால் பிடிக்குமுன் அறுத்து,
பதரைத் தலையணையில் தூற்றி,
மறுபடி உழுது.
தரிசாய்க் கிடக்கத் தெரியாத தோல்.

களிம்பு உண்டு, சொன்ன வேளைக்கு.
அதோடு நான் சேர்த்துக்கொண்டது கொஞ்சம்.
வெட்பாலை இலை,
கத்தி படாமல் கையால் கிள்ளி,
தேங்காயெண்ணெயில் போட்டு, தகரக் கூரைமேல் வெயிலுக்கு.
இரண்டு நாள் பச்சையாகத்தான் கிடந்தது.
பிறகு ஒரு சாயங்காலம்
நாவற்பழம் தின்ற நாக்கின் நிறம்.
"தடவுங்க, களிம்பை மட்டும் நிறுத்திடாதீங்க"
என்றார் டாக்டர்.

குளித்த ஈரம் காயுமுன் பூசினால்
அன்றிரவு சொறியாமல் தூங்கலாம்.
இளவெயிலில் பத்து நிமிஷம் முழங்கை காட்டினால்
சிவப்பு கொஞ்சம் பின்வாங்கும்.
மார்கழியில் மறுபடி வெடிக்கும்.
குழுக்கடன் தவணை வாரத்தில் கட்டாயம் வெடிக்கும்,
அதற்கு எந்த மரத்திலும் இலை இல்லை.

தலையணை உறை, நைட்டி, சுவிட்சுப் பலகை,
எங்கும் ஊதா.
முதுகுக்கு அவன் கை.
முதல் வாரம் ஒற்றை விரலால் தடவினான்.
இப்போது உள்ளங்கையால்.

"சரி, கண்ணைக் காட்டுங்க" என்கிறார் பூவராகன்.
வேறொரு கருவி. குனிகிறேன்.
விரல் மறுத்ததைக்
கண் ஒத்துக்கொள்கிறது, நான் நான்தான் என்று.
அரிசி பன்னிரண்டு கிலோ, பாமாயில் ஒன்று.

ரசீதைக் கிழித்து நீட்டும்போது
சித்திரை வெயிலிலும் மணிக்கட்டுவரை பூட்டிய
அவர் முழுக்கைச் சட்டை
ஓர் அங்குலம் மேலேறுகிறது.
கடிகாரப் பட்டைக்கு அடியில்
எனக்குப் பழக்கமான பதர்.

அவர் இழுத்து மூடுகிறார்.
நான் பையின் வாயைச் சுருட்டுகிறேன்.
வரிசை முணுமுணுக்கிறது.

என் விரல் பட்ட ரசீது ஓரத்தைப் பார்த்து
மெதுவாகக் கேட்கிறார்,
"இந்தக் கறை போகுமா?"

"சோப்புக்கெல்லாம் போகாது" என்கிறேன்.
"வெள்ளைச் சட்டை போடாதீங்க."