பிற

கத்திரி வெயிலின் ஒன்பதாம் நாள்.
மின்சாரம் காலை பத்துக்கே போய்விட்டது.
சூரமங்கலம் மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால்
ஐஸ் கம்பெனியில் அரை பார் வாங்கி
சாக்கில் சுற்றி, ஸ்கூட்டியின் காலடியில் வைத்து
ஐந்து ரோடு சிக்னலில் நிற்கிறேன்.
செருப்பில் ஒழுகுகிறது.
பச்சை விழுவதற்குள்
ஒரு விரல் குறைந்திருக்கும்.

மாடி அறையில் இரண்டு தெர்மாகோல் பெட்டிகள்.
ஒன்றில் வடக்கு என்று எழுதியிருக்கிறது,
ஒன்றில் தெற்கு.
உள்ளே அயோடின் கலந்த துருவக் கடல்,
பால் ஊற்றாத டீ நிறத்தில், குப்பி குப்பியாக.
கப்பலில் போனவர்கள் வேறு.
நான் எண்ணுகிறவள்.
குப்பிக்கு நானூற்று முப்பது ரூபாய்.
கடலை நான் பார்த்தது
பூம்புகாரில் ஒருமுறை, கல்லூரிச் சுற்றுலாவில்,
அதுவும் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தபோது.

இரவெல்லாம் கண்ணாடிக் கிண்ணத்தில் படியவிட்டு
காலையில் அடியிலிருந்து பார்க்க வேண்டும்.
ஆத்தூர் ரோட்டு சேகோ ஆலைகளில்
கிழங்குப் பால் தொட்டியில் படிவதுபோல:
மாவு கீழே, தெளிந்த நீர் மேலே.
வடக்குக் கடலும் அப்படி ஆகிக்கொண்டிருக்கிறது.
உருகிய நல்ல தண்ணீர் மூடியாய்க் கிடக்க
உரமெல்லாம் அடியில்.
காற்று தள்ளிப் பார்க்கிறது, மூடி அசைவதில்லை.
மேலே வெளிச்சம் கொட்டுகிறது,
முன்பைவிடச் சீக்கிரம், முன்பைவிட அதிகம்.
வெளிச்சத்தை மட்டும் தின்று
எது எத்தனை நாள் வளரும்?

தெற்குக்கு வேறு பசி.
அங்கே உரமுண்டு, கலக்கும் காற்றுண்டு.
இரும்புதான் இல்லை.
முதலில் படித்தபோது சிரித்துவிட்டேன்.
என் ஜன்னலில் கஞ்சமலை.
பள்ளிக்கூட நாளில் ஓடை மணலில் காந்தத்தை இழுத்து
ஒட்டிய கருந்தூளில்
மீசை வைத்துக்கொண்டவர்கள் நாங்கள்.
அதில் ஒரு சிட்டிகைக்கு
ஒரு சமுத்திரம் ஏங்கிக் கிடக்கிறது.
பனிக்கட்டிதான் அங்கே இரும்புக்கடை.
குளிர்காலம் முழுக்கச் சேர்த்துவைத்து
வெயில் வந்ததும் உருகி
கொஞ்சம் கொஞ்சமாக அளந்து கொடுக்கும்.
இப்போது சில இடங்களில்
கடை திறப்பதே இல்லை.

மாதேசு ஒருநாள் பாரைத் தோளில் தூக்கி
மாடிக்கே கொண்டுவந்தார்.
"அப்படி என்னத்தப் பாக்கறீங்க இதுல?"
கப்பலிலிருந்து வந்த படத்தைக் காட்டினேன்:
புரட்டிப்போட்ட பனிப்பாளம்,
அடிவயிறு முழுக்கப் பழுப்பு.
"அழுக்கு ஐஸு," என்றார் உடனே.
"எங்க கம்பெனியில இதுல ஒரு கோடு தெரிஞ்சாப் போதும்,
லோடையே திருப்பி அனுப்பிடுவாங்க."
அந்த அழுக்கைத்தான் அண்ணா
கிரில் குஞ்சு தலைகீழாய்த் தொங்கிக்கொண்டு
இருட்டுமாதம் பூராவும் சுரண்டித் தின்கிறது,
கிரிலைத் திமிங்கலம், என்று ஆரம்பித்தேன்.
அவர் தன் பாரையே பார்த்துக்கொண்டு நின்றார்,
அதன் தெளிவில் ஏதோ குறை இருப்பதுபோல்.

படிவத்தில் கட்டங்கள் உண்டு.
செவ்வாய்ப்பேட்டைக் கொலுசாய்க் கோத்த
கண்ணாடிப் பெட்டிகள், ஊசிகள், படகுகள்:
டயட்டம் ஒவ்வொன்றுக்கும் பெயர்,
பெயருக்கு ஒரு கட்டம்.
கடைசிக் கட்டம்: பிற.
பெயர் சொல்ல முடியாத பொடிப் புள்ளிகளுக்கு.
நான் சேர்ந்த வருடம் அதில் பதினொன்று.

இன்று தெற்கு, குப்பி அறுபத்தொன்று.
அதே இடம், அதே மாதம்.
பெயருள்ளவை நாற்பதில் முடிந்தன.
செல்போன் டார்ச்சின் வெளிச்சத்தில்
பிற: இருநூற்றுப் பதினேழு, பதினெட்டு,
கட்டைவிரலில் எண்ணும் கருவி டிக், டிக்.
இத்தனை பொடியைக் கிரிலின் சீப்பு பிடிக்காதாம்.
வாயருகே சாப்பாடு
வடிந்து போய்விடும்.

மின்சாரம் வந்தது.
மின்விசிறி சுற்றிய வேகத்தில்
படிவம் பறந்து கட்டிலுக்கடியில் போனது.
குனிந்தபோது
சாக்கிலிருந்து ஓடிவந்த தண்ணீர்
முழங்காலை நனைத்தது.
தெளிந்த தண்ணீர். எதுவும் இல்லை அதில்.
தெற்குப் பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைத்துவிட்டு
இருநூற்றுப் பத்தொன்பதிலிருந்து
மறுபடி.